குண்டான் பாயும் பேர் தெரியாத தம்பியும்

கடலூர் முதுநகரில் குண்டான் பாயிடம் ஒரு பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, அதை வெறும் பாத்திரமாகத் திரும்ப வாங்கிய மனிதர் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் அப்படி ஒருவர் பிறந்தாலும், அவர் எங்கள் தெருப் பக்கம் வராமல் இருப்பது அவர் மரியாதைக்கு நல்லது.

பாய் வைத்திருப்பது பாத்திரக்கடை. கல்யாணம், காதுகுத்து, கந்தூரி என்று எல்லாவற்றுக்கும் குண்டான், அண்டா, தேக்சா வாடகைக்கு விடுவார். கடை வாசலில் பெரிய போர்டு உண்டு. அதில் அவருடைய நிஜப் பெயரும் உண்டு. முன்னால் அடுக்கி வைத்திருக்கும் குண்டான்கள் அதை மறைத்துவிட்டதால் ஊரில் யாரும் அதைப் படித்ததில்லை. எதிர்க்கடை என்னுடைய அச்சகம். நான் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் கல்யாணத்துக்கு அவருடைய அண்டா போகும். அப்படி ஆரம்பித்த பழக்கத்தில் அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட, நாங்கள் இருவரும் மச்சான்கள் ஆகிவிட்டோம். எழுத்தில்தான் ‘அவர்’. நேரில் நீ, வா, போதான்.

அண்டை வீட்டுக்காரர் ஒரு கிண்ணத்தில் எதையாவது கொடுத்தனுப்பினால், கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான். நாமெல்லாம் கொஞ்சம் சர்க்கரையையோ இரண்டு வாழைப்பழத்தையோ போட்டு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். பாய்க்கு அது வழக்கம் இல்லை, வியாதி. பொங்கலுக்கு நாங்கள் ஒரு தூக்குச் சட்டி அனுப்பினால் அன்று மதியமே அதில் பிரியாணி வரும். தூக்குச் சட்டி சின்னதாக இருக்கிறதே என்று கூடவே அவருடைய குண்டான் ஒன்றும் வரும். இப்போது அந்தக் குண்டானை நாங்கள் காலியாகத் திருப்ப முடியுமா? இப்படியே தை மாதம் முழுக்க இரண்டு வீட்டு அடுப்பும் அணையாது.

ஒரு தடவை கோயில் குருக்கள் எங்கள் தெரு வழியாகப் போகும்போது பாய்க்கும் ஒரு தொன்னையில் சுண்டல் கொடுத்தார். பாய் தின்று முடித்தார். அடுத்த தெரு வரைக்கும் ஓடி, குருக்களின் ஸ்கூட்டரை மடக்கி, அதே தொன்னையில் பேரீச்சம்பழம் வைத்து நீட்டினார்.

“பாய், இது தொன்னை! தூக்கிப் போடறது!”

“தூக்கிப் போடுங்க சாமி. வெறுமனே போடாதீங்கன்னுதான் சொல்றேன்.”

கடைப் பாத்திரத்தை வாடகைக்கு அனுப்பும்போதுகூட உள்ளே ஒரு பிடி அரிசி போட்டுத்தான் அனுப்புவார். அவருடைய பழக்கத்துக்கு முழுசாக ஒத்துப்போன இடம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே ஒரு காலி டப்பாவைக் கொடுத்து, அதை நிரப்பித் தரச் சொல்வார்கள்.

அந்த இடத்துக்கு அவர் அடிக்கடி போக வேண்டி வந்தபோதுதான் எங்களுக்குச் சிரிப்பு நின்றது. ஈறில் ரத்தம், ஓயாத காய்ச்சல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கல். சென்னை ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருந்து கொடுத்து அடக்கலாம், ஆனால் நோய் அடியோடு போக வேண்டுமென்றால் வேறொருவரின் ஸ்டெம் செல் ஏற்ற வேண்டும் என்றார்கள். மங்கலம்பேட்டையில் இருக்கும் அவருடைய தங்கை வந்து பரிசோதித்துக்கொண்டார். சிங்கப்பூரிலிருந்து தம்பி வந்தார். இரண்டு பேருக்கும் பொருந்தவில்லை; துபாயில் இருக்கும் மகளுக்குப் பாதிதான் பொருந்தியது.

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றேன். எனக்கும் ஓ பாசிட்டிவ், பாய்க்கும் ஓ பாசிட்டிவ். முதுநகர் ரத்ததான முகாம்களில் நாங்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கதையடித்தபடி ரத்தம் கொடுத்தவர்கள். “ஒரே ரத்தம் மச்சான் நாம” என்று அவர் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். ரத்த வகை இதற்குப் போதாது என்று டாக்டர் இரண்டே வாக்கியத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார். திசு வகை என்று ஒன்று இருக்கிறதாம். அது பொருந்த வேண்டுமாம். கொடையாளர் பதிவகத்தில் பெயர் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்.

பதிவகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கோஆர்டினேட்டர். சின்ன வயசு, சிரித்த முகம், ஆனால் விதி என்று வந்துவிட்டால் இரும்பு. வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உள்பக்கத்தைத் தேய்த்து எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் என்றார்.

“இவருக்குன்னா எப்ப வேணா குடுக்கறேன்மா. நடு ராத்திரின்னாலும் வரேன்” என்றேன்.

“இவருக்குன்னு குடுக்கறது இல்ல சார் இது. ஒலகத்துல யாருக்கு ஒத்துப்போனாலும் குடுக்கணும். யாருன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டோம். காசு கெடையாது. பரிசு கெடையாது. ஆளப் பாத்துத்தான் குடுப்பேன்னா, தயவுசெஞ்சு சேராதீங்க.”

ஐம்பது வயது வரைதான் சேர்ப்பார்களாம். எனக்கு இன்னும் சில வருஷம் பாக்கி இருந்தது. சேர்ந்தேன். யாருக்கானாலும் தருவேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மனசுக்குள் பாய் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டேன்.

எனக்கும் பொருந்தவில்லை. பொருந்தியது வேறொருவனுக்கு. எங்கேயோ, எந்த ஊரிலோ, என்றோ ஒரு நாள் பஞ்சுக் குச்சிக்கு வாயைத் திறந்த ஒரு வாலிபனுக்கு. பாய் அழுதார், அக்கா அழுதார், நானும் அழுதேன். அவர்கள் அழுதது சந்தோஷத்தில். நான் அழுததில் பாதிதான் சந்தோஷம். மீதிப் பாதி என்ன என்று இப்போது சொல்லிவிடுகிறேன். பொறாமை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. இருபது வருஷமாக எதிர்க்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் இல்லாத என்னத்தை அவன் வைத்திருக்கிறான்?

முதலில் பாயின் எலும்பு மஜ்ஜையை மருந்து கொடுத்து முழுக்க அழித்தார்கள். கிருமி அண்டாத அறையில் அவரைப் படுக்க வைத்தார்கள். அக்கா உள்ளே. நான் கண்ணாடிக்கு வெளியே, காதில் போனோடு. அந்தப் பை வந்த அன்று நான் பார்த்தேன். தக்காளி ரசத்தின் நிறத்தில் ஒரு சின்னப் பை. இதற்காகவா இத்தனை பாடு என்று தோன்றும், அவ்வளவு சாதாரணமாகத் தொங்கியது. சொட்டுச் சொட்டாக இறங்கி முடிந்ததும் நர்ஸ் அதைக் கழற்றினார். தலைமுடி இல்லாமல், உதடு வெடித்து, எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் கிடந்த பாய் கையை நீட்டித் தடுத்தார்.

“அத இன்னா பண்ணுவீங்க?”

“டிஸ்போஸ் பண்ணிடுவோம் சார்.”

“வெறுமனேவா?”

போனில் அதைக் கேட்டு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிரித்தேன். நர்ஸுக்கு எதுவும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாய் பிழைத்தார். மெதுவாக முடி முளைத்தது. முகக்கவசத்தோடு கடைக்கு வந்து உட்கார்ந்தார். என்னுடைய கெட்ட காலம் அங்கேதான் ஆரம்பித்தது. கொடுத்தவன் ஒரு இளைஞன் என்பதைத் தவிர பதிவகம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருஷம் போகட்டும், அதற்கப்புறம் இரண்டு பேரும் சம்மதித்தால் பார்க்கலாம் என்றார்கள். பாய் அவனுக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். தம்பி.

எதற்கெடுத்தாலும் தம்பி. பாய் பிறந்ததிலிருந்து பாகற்காயைத் தொட்டதில்லை. திடீரென்று ஒரு நாள் தட்டில் போட்டுத் தின்றார். “தம்பிக்குப் புடிக்கும் போல, மச்சான்.” நாக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பாய் கேட்கவில்லை. விடியலில் விழிப்பு வந்தால் தம்பி சீக்கிரம் எழுகிறவன். மத்தியானம் தூக்கம் வந்தால் தம்பிக்கு ராத்திரி வேலை. தம்பி, தம்பி, தம்பி. பெற்ற மகள் துபாயிலிருந்து போன் பண்ணினால்கூட இந்தப் பூரிப்பு அவர் முகத்தில் வராது.

இதற்கெல்லாம் உச்சமாக ஒரு நாள் பரிசோதனை முடிவோடு என் அச்சகத்துக்குள் நுழைந்தார்.

“மச்சான், நான் இப்ப பி பாசிட்டிவ்!”

உடம்பில் இனி ஊறுவது தம்பியின் செல்லிலிருந்து வரும் ரத்தமாம். அதனால் ரத்த வகையே மாறிவிட்டதாம். மற்றவன் நண்பனைத்தான் பறிப்பான். இவன் ரத்தத்தையே மாற்றிவிட்டான். “நல்லது” என்று சொல்லிவிட்டு மெஷினை ஓடவிட்டேன். அன்று அடித்த கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் இடம் மாறிவிட்டன. அதற்கும் அந்தத் தம்பிதான் பொறுப்பு.

கொடுத்தவனுக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்காமல் பாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. எவர்சில்வர் கூஜா ஒன்றில் தம்பியின் பெயரைப் பொறிக்க இடம் விட்டு, மீதி இடத்தில் பூ வேலை செய்து வைத்தார். பதிவகத்தில் வாங்க மறுத்துவிட்டார்கள். பரிசு கூடாது. வேண்டுமானால் ஒரு கடிதம் எழுதலாம், அதிலும் யார் எந்த ஊர் என்று தெரியக் கூடாது. பாய்க்கு எழுத்து வராது. எழுதியது யார்? நான்தான். என் போட்டியாளனுக்கு என் கையாலேயே காதல் கடிதம்.

நாலு பக்கம் சொன்னார், நாலு பக்கம் எழுதினேன். கோஆர்டினேட்டர் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“சார், பாத்திரக்கடைன்னு எழுதக் கூடாது. துறைமுகம் கூடாது. வஞ்சிரம் மீனும் வேணாம், கடலோர ஊர்னு தெரிஞ்சுடும்.”

“நோம்புக் கஞ்சி இருக்கலாமா?” என்றார் பாய்.

“வேணாம் சார்.”

“அப்ப இன்னாதாம்மா இருக்கும்?”

கடைசியில் இருந்தது இவ்வளவுதான்: ‘அன்புள்ள தம்பி, நான் நன்றாக இருக்கிறேன். உனக்காக துஆ செய்கிறேன்.’ உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கத்தரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

யாரென்று தெரியாததால் யாராகவும் இருக்கலாம் என்பது பாயின் அடுத்த கணக்கு. கடைக்கு வரும் வாலிபர்களையெல்லாம் ஒரு மாதிரி உருக்கமாகப் பார்க்க ஆரம்பித்தார். கீரப்பாளையத்திலிருந்து ஒருவன் அண்டா வாங்க வந்தான். முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி. பாய் எழுந்து நின்றுவிட்டார்.

“தம்பி… கையில இன்னாது?”

“ஊசி போட்டாங்க மாமா.”

அதற்கு மேல் பாய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்டாவை இலவசமாகக் கொடுத்து, மூடியும் கொடுத்து, கரண்டியும் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அவனுக்கு வந்திருந்தது சாதாரணக் காய்ச்சல், க்ளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். மறுநாள் அவனுடைய மச்சான், சித்தப்பா மகன், இன்னும் இரண்டு பேர் வரிசையாகக் கடைக்கு வந்தார்கள். எல்லோர் முழங்கையிலும் பிளாஸ்திரி. ஒருவன் அவசரத்தில் இரண்டு கையிலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். நான் எதிர்க்கடையிலிருந்து ஓடிப்போய் அவர்களை விரட்டியிருக்காவிட்டால், கீரப்பாளையமே அந்த வாரம் பிளாஸ்திரி போட்டிருக்கும்.

ஒரு வருஷம் முடிந்தது. பாய் சம்மதக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். புதுச் சட்டை தைத்துக்கொண்டார். பதில் வந்தது. தம்பிக்குத் தன்னை வெளிப்படுத்திக்கொள்ள விருப்பமில்லை. அவர் நன்றாக இருக்கிறார் என்பதே போதும், சந்தோஷம் என்று சொல்லச் சொன்னானாம்.

அன்று சாயங்காலம் நான் டீக்கடையில் பஜ்ஜி மேல் பஜ்ஜியாகத் தின்றேன். முகவரி கிடைத்திருந்தால் பாய் கடையையும் குடும்பத்தையும் தூக்கிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் குடியேறியிருப்பார். தப்பித்தேன்.

ஆனால் மறுநாள் கடை திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போய்ப் பார்த்தால் பாய் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. அக்கா கொடுக்கும் கஞ்சியைக்கூட வேண்டாம் என்கிறாராம்.

“வாங்கி வச்சிக்கினு கெடக்கறேன் மச்சான். திருப்பித் தர வழியில்ல. இனிமே யார்கிட்ட எத வாங்குறதுக்கும் பயமா கீது.”

“டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா? மாத்திரைய உட்டா அந்தப் புதுச் செல்லே ஒன் ஒடம்ப அடிச்சுப்புடும். அக்காவப் பாரு, பயந்து போயிருக்காங்க” என்று கத்தினேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. தம்பி கொடுத்த உயிரை தம்பியை நினைத்தே இவர் தொலைத்துவிடுவார் போலிருந்தது. நானே கோஆர்டினேட்டருக்குப் போன் பண்ணி, இவரை எழுப்ப ஏதாவது வழி சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டு, சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பதிவு முகாம் நடக்கப்போகிறது, மாணவர்களிடம் பாய் வந்து பேசுவாரா என்று கேட்டார்.

பாய் எழுந்தார். மாத்திரை போட்டார், கஞ்சி குடித்தார், கடையைத் திறந்தார். முகாம் அன்று காலையில் நான் போய்ப் பார்த்தால் வாசலில் குட்டி யானை வண்டி நிற்கிறது. பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் மலை மாதிரி எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

“இன்னா மச்சான் இது?”

“பேரு குடுக்கற புள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. தம்பிக்குத்தான் தர முடியல. தம்பி மாதிரி வரவங்களுக்குத் தரலாம்ல?”

புதுச்சத்திரம், பு.முட்லூர் என்று வழி நெடுக டிபன் பாக்ஸ்கள் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. கல்லூரி வாசலில் கோஆர்டினேட்டர் வண்டியைப் பார்த்தார். சிரித்த முகம் மறைந்து, இரும்பு வெளியே வந்தது.

“ஒரு பாக்ஸ்கூட எறக்கக் கூடாது சார்.”

“ஏம்மா? நல்ல கனம்மா. லீக் ஆவாது.”

“டப்பாவுக்காக ஒருத்தன் பேர் குடுப்பான் சார். இருக்கற நோய மறைப்பான். இல்லன்னா நாளைக்கு மேட்ச் ஆச்சுன்னு போன் பண்ணா எடுக்க மாட்டான். அங்க நோயாளிக்கு இருந்த மஜ்ஜைய மொத்தமா அழிச்சிருப்பாங்க. அப்ப வந்து, எனக்குப் பரீட்சை இருக்கு, வீட்ல வேணாங்கறாங்கன்னு சொன்னா?”

நான் இரண்டு கையிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்த கீரப்பாளையத்துக்காரனை நினைத்துக்கொண்டேன். பாய் வேறு எதையோ நினைத்தார்.

“அந்த நேரத்துல வேணாம்னு சொல்லலாமா?”

“எந்த நிமிஷத்துலயும் சொல்லலாம் சார். ஏன்னு யாரும் கேக்க முடியாது. கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது, ஆச காட்டியும் வாங்கக் கூடாது. அவுங்களா மனசு வந்து குடுக்கணும்.”

“அப்ப… நான் அங்க ஒண்ணுமில்லாம கெடந்தப்ப தம்பியும் சொல்லிருக்கலாம்?”

“சொல்லிருக்கலாம் சார்.”

பாய் வண்டியின் பின் பலகையைத் தூக்கி மாட்டினார். பிறகு தார்ப்பாயை இழுத்து மூடிக் கயிற்றைக் கட்டினார். வெறுங்கையோடு அவர் ஓர் இடத்துக்குள் நுழைந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மைக்கைப் பிடித்தார். வியாபாரிக்கு வாய்க்குப் பஞ்சமா? ஆனால் விற்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை.

“புள்ளைங்களா, பேரு குடுத்தா ஒங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது. டிபன் பாக்ஸ் கொண்டாந்தேன், அதையும் குடுக்க உடல. காசு கெடைக்காது. பேப்பர்ல போட்டோ வராது. வாங்கறவன் ஒங்க மூஞ்சியப் பாக்க மாட்டான், நீங்க அவன் மூஞ்சியப் பாக்க முடியாது. ஊசி குத்துவாங்க, ரெண்டு நாளு ஒடம்பு வலிக்கும். புடிக்கலன்னா எப்ப வேணா போயிடலாம். போறதுன்னா இப்பவே போயிடுங்க, தப்பா நெனைக்க மாட்டேன். அப்படிப் போயிருக்கக்கூடிய ஒரு தம்பி போவல. அதனால நான் இங்க நின்னுக்கினு ஒங்ககிட்ட வள வளன்னு பேசிக்கினு கெடக்கறேன். அவ்ளோதான். ஒண்ணும் கெடைக்காது, வாங்க!”

பிள்ளைகள் சிரித்துக் கைதட்டினார்கள். சில பேர் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் நின்ற வரிசை மரத்தடி வரைக்கும் போனது. கோஆர்டினேட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பேச்சு முழுக்கத் தம்பி. கண்ணாடிக்கு வெளியே மாசக்கணக்கில் நின்றவன் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான். அவனைப் பற்றி ஒரு அரை வார்த்தை உண்டா?

திரும்பும்போது வெள்ளாற்றுப் பாலம் தாண்டி டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“மச்சான், ஒண்ணு கேக்கறேன். எவனோ ஒருத்தன் ஒரு நாள் கைய நீட்டிப் படுத்துட்டுப் போயிட்டான். அவனுக்குக் கூஜா, அவனுக்கு லெட்டர், அவனுக்கு ஊருக்கு ஊரு மைக்கு. நான் அச்சகத்தப் பூட்டிப் போட்டுட்டு ஒன் கூட ஆஸ்பத்திரியிலயே கெடந்தேன். ஒரு நாளாவது எனக்கு ஒரு தாங்ஸ் சொல்லிருக்கியா நீ?”

பாய் கிளாஸைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. சத்தியமாகப் புரியாத ஒரு விழிப்புதான் இருந்தது.

“ஒனக்கா? ஒனக்கு எதுக்கு மச்சான்?”

“எதுக்கா?”

“அந்தப் பொண்ணு சொல்லிச்சுல்ல. தம்பி நெனச்சிருந்தா வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம், போவல. அதான் அவனுக்கு நன்றி. நீ வேணாம்னு சொல்லிருப்பியா? சொல்லத்தான் ஒன்னால ஆவுமா? கண்ண முழிச்சா கண்ணாடிக்கு அந்தாண்ட நீ நிப்பேன்னு எனக்குத் தெரியும். ஒரு நாளுகூட சந்தேகமே வரல மச்சான். அப்பறம் எங்கேர்ந்து தாங்ஸ் சொல்றது?”

சொல்லிவிட்டு, ஏதோ ரொம்பச் சின்ன விஷயத்தைப் பேசி முடித்த மாதிரி டீயை எடுத்து ஊதினார். நான் பாலத்துப் பக்கம் திரும்பி நின்று, போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி எதுவும் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை.

இன்றைக்கும் பாய் காலையில் கடையைத் திறந்ததும் “நேத்து தம்பி கெனாவுல வந்தான், மச்சான்” என்று சத்தமாகத்தான் ஆரம்பிக்கிறார். கேட்டதும் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. எரிந்துவிட்டுப் போகட்டும். எதிர்க்கடையிலிருந்து அந்தக் குரல் கேட்கிறதே, எனக்கு அது போதும்.